ஈரக் கரித்துணி

போன வருஷம் மே மாதம் 650 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 7,350 ரூபாயைத் தொலைத்தேன். கணக்கைப் பிறகு சொல்கிறேன். பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். 9 வயதுப் பிள்ளை வலது கையில் கட்டோடு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தாள், நான் ஊட்டிவிட்டேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை. இதையெல்லாம் முன்னாடியே யாராவது ஒருத்தர் நமக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த மூன்று வாரமும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வீடு மண்டபத்தில். வாசலில் நின்றால் கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். வீட்டுக்காரர் குவைத்தில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். மூத்தவள் மகள், அடுத்து 6 வயதில் ஒரு பையன். அம்மா பரமக்குடியில் இருப்பதால் ஆத்திர அவசரத்துக்கு போன்தான் துணை. அடுப்படியைப் பொறுத்தவரை பிள்ளைகளுக்கு நான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: "இங்கே வராதே." எது சுடும், எவ்வளவு நேரம் சுடும், ஏன் தொடக்கூடாது, எதுவும் சொன்னதில்லை. என் அம்மாவும் எனக்கு அப்படித்தான். அப்புறம் 12 வயதில் திடீரென்று ஒருநாள் "போய் உலை வை" என்றார்கள்.

மே மூன்றாவது வாரம் மகளுக்குப் பிறந்தநாள். கேக் வேண்டும் என்றாள். ராமநாதபுரம் போய் வாங்கி வரலாம்தான், ஒரு கிலோ 650 ரூபாய் சொன்னார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பஸ்ஸில் கொண்டு வந்து சேர்ப்பதற்குள் க்ரீம் பாயசமாகிவிடும். சரி, நாமே செய்வோம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தோம். குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் மாவு ஊற்றிய கிண்ணம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி போட்டு, சிம்மில் 45 நிமிஷம். உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது. கேஸ்கட்டோடு மூடினால் அந்த வறண்ட சூட்டில் ரப்பர் தீய்ந்துவிடும் என்று வீடியோவிலேயே சொன்னார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

எங்கள் மாவட்டத்தில் உப்புக்கா பஞ்சம்? வாலிநோக்கம் பக்கம் போனால் உப்பளமாகத்தான் கிடக்கும். வீட்டில் இருந்த கல்லுப்பை இரண்டு கை அள்ளிப் போட்டேன். கல்லுப்பு சூட்டில் என்ன செய்யும் என்று திருஷ்டி கழித்த எல்லோருக்கும் தெரியும். உப்புக் கல்லுக்குள் அடைபட்டிருக்கும் ஈரம் ஆவியாகி, கல்லைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நெருப்பில் போட்டால் படபடக்கிற அதே உப்புதான் குக்கருக்குள்ளும் படபடத்தது. எனக்குப் பழகிய சத்தம், கவனிக்கவே இல்லை. பிள்ளைக்கு அது புதிது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மீன்காரம்மா. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை, நாட்டுப்படகு மீனுக்கு விலை சொல்லி மாளாது. விளைமீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன், ஐந்து நிமிஷம் இருக்கும். உள்ளே மகள் கேக் வெடிக்கிறது என்று பயந்துபோய் குக்கர் மூடியைத் திறக்கப் போயிருக்கிறாள். வெறுங்கையால் தொடவில்லை. மேடையில் கிடந்த கரித்துணியை எடுத்து, மடித்து, அதால்தான் பிடித்திருக்கிறாள். ஆனால் அது ஈரத் துணி. சற்று முன்பு நான் மேடை துடைத்துப் பிழிந்து போட்டது. காய்ந்த துணி சூட்டைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஈரத் துணி சூட்டை அப்படியே கைக்குக் கடத்தும், துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தூக்கிய பிறகுதான் சுட்டிருக்கிறது. மூடியைக் கீழே போட்டுவிட்டாள், போடும்போது விளிம்பு மணிக்கட்டில் பட்டது. உள்ளங்கை, நாலு விரல், மணிக்கட்டு.

அதற்கப்புறம் நான் செய்தது எல்லாமே தப்பு. வெட்கப்படாமல் வரிசையாகச் சொல்கிறேன். ஓடிவந்து கையை வாளியில் ஒரு முறை முக்கினேன். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குவது, அன்று வீட்டில் இருந்தது ஒன்றரைக் குடம். அந்த நேரத்திலும் மனசு தண்ணீரைக் கணக்குப் பார்த்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இரண்டு செம்பு ஊற்றிவிட்டு நிறுத்திவிட்டேன். அடுத்து, டூத்பேஸ்ட்டை அப்பினேன். ஊரில் எல்லோரும் செய்வதுதான். பிறந்தநாளுக்கென்று அவள் போட்டிருந்த நாலு மெட்டல் வளையலைக் கழற்றத் தோன்றவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு, பையனை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். ஆட்டோ ஓட்டியவர் விசைப்படகில் வேலை பார்க்கிறவர், தடைக்காலத்துக்கு ஆட்டோ. நல்ல மனிதர், வழியெல்லாம் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

உச்சிப்புளி தாண்டும்போதுதான் அடுப்பை அணைக்கவில்லை என்று நினைவு வந்தது. இப்போது எழுதும்போதும் கை சில்லிடுகிறது. அக்காவுக்கு போன் போட்டேன். அவர் போய்ப் பார்த்தால் குக்கர் அடுப்பில் இருக்கிறது, தீ இல்லை, குமிழ் திறந்தபடி இருக்கிறது. மே மாதம் எங்கள் பக்கம் கச்சான் காற்று ஆரம்பித்துவிடும். ஜன்னல் வழியாக வந்த ஒரே வீச்சில் சிம்மில் இருந்த தீ அணைந்து, கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கூடப் போன அக்கா மகன், நாற்றம் போகட்டும் என்று ஃபேன் சுவிட்சில் கை வைக்கப் போயிருக்கிறான். அக்கா அந்தக் கையில் ஓர் அடி போட்டுத் தடுத்திருக்கிறார். சுவிட்சைப் போடும்போது வருகிற சின்னப் பொறி போதும், வீடே போயிருக்கும். குமிழை மூடி, ரெகுலேட்டரை அணைத்து, முன்கதவு பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்துவிட்டு எல்லோரையும் தெருவுக்கு வரச் சொன்னாராம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு படுத்துக் கிடக்கும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, தரை மட்டத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். நான் பதற்றத்தில் வீட்டைப் பூட்டாமல் போனதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், அதுவும் தெரியாமல் செய்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா முதலில் கேட்டது, "எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள்?" நான் முழித்தேன். சுட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீரைத் தொடர்ந்து 20 நிமிஷம் ஊற்ற வேண்டும், கடிகாரம் பார்த்து 20 நிமிஷம் என்றார். உடனே முடியாமல் போனால்கூட மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் பலன் உண்டாம். ஐஸ் வைக்கக் கூடாது. பேஸ்ட், மை, காபித்தூள், மஞ்சள், எண்ணெய், எதுவும் கூடாது. அது சூட்டை உள்ளேயே பூட்டிவிடும், அப்புறம் மருத்துவர் புண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்தார்கள். சுட்டபோது அழுததைவிட அப்போதுதான் அதிகம் அழுதாள். மணிக்கட்டு வீங்கி வளையல் இறுகிவிட்டதால் வெட்டி எடுத்தார்கள். தண்ணீர் ஊற்றும்போதே வளையல், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், வீங்கிய பிறகு வராது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. குழந்தைக்குக் கை, முகம், மூட்டு போன்ற இடத்தில் சுட்டிருந்தால் சின்னதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஆட்டோ கிடைக்காவிட்டால் 108. இந்தப் பத்து வரியை நான் அன்று காலையில் தெரிந்து வைத்திருந்தால் கட்டு ஒரு வாரத்தில் பிரிந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, திட்டினாரா தெரியவில்லை.

இப்போது கணக்கு. ஆட்டோ, காத்திருந்ததற்கும் சேர்த்து 500. ஊசி, மருந்து, ஐந்து தடவை கட்டு மாற்றியது 2,300. குக்கர் அடி வறண்ட சூட்டில் நெளிந்துவிட்டது, புதுசு 1,850. முகூர்த்தத்துக்குக் கொடுத்திருந்த ஆறு பிளவுஸை நேரத்துக்குத் தைக்க முடியாமல் துணியைத் திருப்பிக் கொடுத்தேன், ஒன்றுக்கு 450 வீதம் 2,700. அந்த வாடிக்கையாளர் அப்புறம் வரவே இல்லை, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வீட்டுக்காரர் போனில் ஒரே பேச்சாகச் சொன்னார்: "இனிமே ரெண்டு பேரையும் அடுப்படிப் பக்கமே விடாதே." நானும் சரி என்றேன். அடுப்படிக் கதவுக்கு வெளியே ஒரு கொக்கி போட்டேன். மகள் விசில் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இது ஒரு மாதம் இப்படியே போயிற்று.

ஜூலையில் ஒருநாள் தைத்துக்கொண்டிருந்தேன். வாசல் வேம்படியில் பையன் சமையல் விளையாட்டு. மூன்று கல் அடுப்பு, கொட்டாங்கச்சியில் மணல், மேலே இன்னொரு கொட்டாங்கச்சி மூடி. மூடியைத் திறக்கும் முன் ஒரு கந்தல் துணியை எடுத்தான். அதைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மடித்து, பிறகு மூடியைத் தூக்கினான். ஏண்டா நனைக்கிறாய் என்று கேட்டேன். "நீ அப்படித்தானம்மா பிடிப்பே" என்றான்.

அப்படித்தான் பிடிப்பேன். ஒரே துணியால் மேடையைத் துடைப்பேன், அதாலேயே பால் பாத்திரத்தை இறக்குவேன். பதினைந்து வருஷமாக மரத்துப்போன விரல், எனக்குச் சுடாது. மகள் துணியை எடுத்ததும் என்னைப் பார்த்துத்தான். வராதே வராதே என்று நான் வாயால் சொன்னது எதுவும் அவர்களுக்குள் போகவில்லை, கையால் செய்ததெல்லாம் போயிருந்தது. அன்று சாயங்காலம் கொக்கியைக் கழற்றினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

திரும்ப ஆரம்பித்தபோது கேக் பக்கமே போகவில்லை, நெய் பிஸ்கட். ஒரு கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, அரை கப் உறைந்த நெய், கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை கிடையாது, கத்தி வேண்டாம், மிக்ஸி வேண்டாம். பிள்ளைகள் செய்கிற வேலையில் முக்கால் பங்கு அடுப்பே இல்லாமல் முடிந்துவிடும் என்பதுதான் இதில் வசதி. சோறு குழம்பில் அப்படிக் கிடையாது, ஆரம்பமே நெருப்பு. பையன் சலிப்பான், கப்பால் அளப்பான், எண்ணுவான். மகள் பிசைந்து உருட்டுவாள். முதல் இரண்டு வாரம் அவர்கள் உள்ளே இருக்கும்போது அடுப்பே பற்றவைக்கவில்லை, உருட்டியதைத் தட்டில் அடுக்குவது வரைக்கும் அவர்கள் வேலை, பிறகு வெளியே போய்விட வேண்டும். மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது, அவசரப்படுத்தவில்லை. ஒன்று மட்டும் கண்டிப்பு: பச்சை மாவை நக்கக் கூடாது. முட்டை இல்லாவிட்டாலும் மைதா வேகாத மாவுதானே, அதிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். இந்த விஷயத்தில் பையன் இன்றுவரை யோக்கியனில்லை.

அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு கோடு. முதலில் கோலப்பொடியால் போட்டேன், கச்சான் காற்று அரை மணியில் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் தையல் டப்பாவில் கிடந்த சிவப்பு நாடாவை ஒட்டினேன். அடுப்பு எரியும்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் அம்மா மட்டும். கோட்டைவிட அதிகம் உதவியது சிவப்புத் துணி. சுடுகிற குக்கரும் ஆறிய குக்கரும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால் அடுப்பிலிருந்து எது இறங்கினாலும் அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு வெட்டுத்துணியைப் போட்டுவிடுவேன். துணி கிடந்தால் சூடு. ஆறிவிட்டதென்று நான் சொல்லித்தான் துணியை எடுக்க வேண்டும். ஒருநாள் இரும்புச் சட்டியை இறக்கிச் சற்று நேரம் கழித்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீரை நானே தெளித்துக் காட்டினேன், சொய்ங் என்றது. இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். நூறு தரம் "தொடாதே" சொல்லி ஏறாதது அந்த ஒரு சொட்டில் ஏறியது.

மகள் பயம் தெளிந்து கோடு வரை வந்தபோது அவளுக்கு முதலில் கற்றுக் கொடுத்தது அடுப்பை அணைக்க. பற்றவைக்க இன்னும் கற்றுத் தரவில்லை, இரண்டு வருஷம் போகட்டும். குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் அணையும், ரெகுலேட்டர் எது, கேஸ் நாற்றம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் பையனுக்கும் தெரியும். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திற, வெளியே ஓடு, அக்காவைக் கூப்பிடு. கேஸ் கசிவுக்கு 1906 என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன், போனைக் கையில் எடுப்பது தெருவுக்கு வந்த பிறகுதான். மாதத்தில் ஒருநாள் சும்மாவே "நாத்தம் வருது" என்று கத்துவேன், இரண்டும் ஓடும். சிரித்துக்கொண்டே ஓடினாலும் சரியான பக்கம்தான் ஓடுகின்றன.

காற்றுக்கு இன்னும் முழுசாக வழி கண்டுபிடிக்கவில்லை. ஜன்னலை அடைத்தால் தீ நிற்கும், ஆனால் கசிந்தால் போக வழியில்லை. திறந்தால் சிம் தீ அணைகிறது. இப்போதைக்கு பிஸ்கட் வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்கிறேன், காற்று அடங்கியிருக்கும் நேரம். அடுப்பு எரிகிற வரை வாசலில் யார் கூப்பிட்டாலும் போவதில்லை. போய்த்தான் ஆக வேண்டுமென்றால் குமிழை மூடிவிட்டுப் போவேன், பிஸ்கட் கெட்டால் கெடட்டும். குக்கருக்குப் பதில் கனமான பழைய இரும்புச் சட்டி, உள்ளே கல்லுப்பு இல்லை, வெறும் ஸ்டாண்டு. மேடையில் ஒரு குடம் தண்ணீர் மூடி வைத்திருப்பேன், அதை யாரும் தொடக்கூடாது. பாத்திரம் பிடிக்க இடுக்கி, இரண்டு தடித்த காய்ந்த துணி. ஈரத் துணிக்குத் தனி ஆணி, எதிர்ச் சுவரில். கரித்துணியை எடுக்க நான்கு எட்டு நடக்க வேண்டியிருக்கிறது, எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நடுவில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். கேஸே வேண்டாம் என்று தெரிந்தவரிடம் ஓடிஜி என்கிற கரண்ட் அடுப்பு, பழையது, 2,500 ரூபாய்க்கு வாங்கி, மிக்ஸி போடுகிற சாதாரண பிளக்கில் மாட்டினேன். 1,500 வாட் அடுப்பு ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தச் சின்ன பிளக் தாங்காது. உப்புக்காற்றில் ஏற்கெனவே துருப்பிடித்த பிளக் வேறு, மூன்றாவது நாள் கருகி உருகியது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தோடு 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுத்துக் கொடுக்க இன்னொரு 1,600. வாங்குகிறவர்கள் பாயிண்ட்டை முதலில் போட்டுவிட்டு அடுப்பை வாங்குங்கள். அதன் கண்ணாடிக் கதவும் வெளித் தகரமும் சுடும், அதற்கும் சிவப்புத் துணி உண்டு.

டிசம்பரில் வீட்டுக்காரர் லீவில் வந்தார். கொக்கி இல்லாததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் உம்மென்று இருந்தது. மறுநாள் விடிகாலை பிஸ்கட் வேகிற வாசனைக்கு எழுந்து வந்தவர், வெந்துவிட்டதா பார்க்கிறேன் என்று சுவரிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு சட்டி மூடிப் பக்கம் கையை நீட்டினார். "அப்பா, அது ஈரம்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். மனிதர் திடுக்கிட்டுப் பின்னால் வந்ததில் சிவப்பு நாடாவில் வழுக்கப் பார்த்தார். மகள் கோட்டுக்கு வெளியே நின்றபடி காய்ந்த துணியை அவரிடம் நீட்டிவிட்டு, "முதல்ல அடுப்பை அணைங்கப்பா" என்றாள். அணைத்தார். இந்தக் கூத்தில் பிஸ்கட் அடி கருகிவிட்டது. கருகினதைச் சுரண்டிவிட்டு டீயில் தோய்த்துச் சாப்பிட்டோம்.